ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன்

"எங்கேயாவது ரத்தப்போக்கு இருக்கா? மலத்துல, மூக்குல, ஈறுல, எதுலயாவது?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். மறைக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை, அந்த நிமிடம் என் மனசுக்குப் பட்ட உண்மை அதுதான். ஆனால் முழுக்கைச் சட்டைக்குள்ளே, இடது முழங்கை மடிப்பில், பதினொரு நாள் முன்பு ஊசி ஏறிய இடம் இன்னும் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிக் கிடந்தது. ஒரே உட்காரலில் 450 மில்லி ரத்தம் வெளியே போயிருக்கிறது, அதை நான் 'போக்கு' என்ற கணக்கில் சேர்க்கவே இல்லை. கொடுத்தது எப்படி இழப்பாகும்? அந்த ஒரு 'இல்லை'யால் எனக்கு ஆனது இரண்டு நாள் பட்டினி, வாய் வழியாக ஒரு குழாய், ஆசனவாய் வழியாக இன்னொன்று, ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதற்கு முந்தைய பதினான்கு மாதச் சோர்வு தனிக்கணக்கு. ரத்தம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நான் இன்றும் கொடுக்கிறேன். வருடக்கணக்கில் விடாமல் கொடுப்பவர்களுக்கு வரக்கூடிய ஒன்றை எனக்கு யாருமே சொல்லவில்லை, அந்த ஆற்றாமைதான்.

முதல் தடவை கொடுத்தபோது எனக்கு 21 வயது. நண்பனின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, கூட்டமாகப் போனோம், அங்கேதான் என் வகை ஓ நெகட்டிவ் என்று தெரிந்தது. ரத்தம் எடுத்தவர் "அட, நீங்க எல்லாருக்கும் கொடுக்கலாம் சார்" என்றார். அந்த வார்த்தை தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஓ நெகட்டிவ் சிவப்பணுவை, நோயாளியின் வகை பார்க்கக்கூட நேரமில்லாத அவசரத்தில் யாருக்கும் ஏற்றலாம். ஆனால் ஓ நெகட்டிவ் ஆளுக்குத் தேவை வந்தால் இன்னொரு ஓ நெகட்டிவ் ரத்தம்தான் ஏற்றமுடியும். இந்த இரண்டாவது பாதியை நினைத்து நினைத்தே நான் யாருக்கும் மறுப்பு சொன்னதில்லை. எண் எப்படியோ பரவியது. இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "அண்ணா, உங்கள விட்டா வேற ஆளே இல்ல" என்பார். வண்டியை எடுத்துவிடுவேன். முதல் ஏழு வருடத்தில் பதினேழு முறை. அதற்குப் பிறகு ஆறு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தவறாமல். மொத்தம் 41. சான்றிதழ்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருபவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் அந்தக் கோப்பு இருக்கும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் பட்ட ஒரு அடியைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், புதிதாகக் கொடுப்பவர்களுக்கு உதவும். மூன்றாவது தடவை, கொடுத்து முடித்துப் பத்து நிமிடம்கூட உட்காராமல் வேலை இருக்கிறது என்று கிளம்பி, வழியில் கழிவறைக்குள் போனவன் அங்கேயே சரிந்துவிட்டேன். கண் விழித்தபோது கன்னம் ஈரத் தரையில் இருந்தது. ஊசி குத்தும்போது வருவதுதான் மயக்கம் என்று நினைத்திருந்தேன். கொடுத்து முடித்து எழுந்து நடந்த பிறகும் வரும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் பிடிக்க ஆள் இருக்காது. அன்றிலிருந்து மூன்று பழக்கம். போவதற்கு அரைமணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிடுவேன். படுத்திருக்கும்போது தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விடுவேன், ரத்த அழுத்தம் சட்டென்று விழாமல் இருக்க இது உண்மையிலேயே உதவுகிறது. முடிந்ததும் கால்மணி நேரம் எழுந்திருக்கமாட்டேன், யார் என்ன சொன்னாலும். இன்னொன்று, ஊசியை எடுத்தபின் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. கையை நீட்டியபடியே ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் கன்றிப்போவது குறையும். அன்று கனமான பையைத் தூக்கக்கூடாது என்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் வழக்கமாகப் போகும் இடத்தில் ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை நடக்கும். சின்னக் கண்ணாடிக் குவளையில் நீல நிறத் தண்ணீர், மயில்துத்தக் கரைசல். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்து அதில் விடுவார்கள். சொட்டு விழுந்ததும் சுற்றிலும் ஒரு மெல்லிய தோல் கட்டிக்கொண்டு சிவப்பு மணி மாதிரி ஆகும், ஒரு நொடி தயங்கும், பிறகு விறுவிறுவென்று அடிக்குப் போய் உட்காரும். மூழ்கினால் தேர்ச்சி. மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கரைசலின் அடர்த்தியை 1.053 என்று வைத்திருப்பார்கள், ஹீமோகுளோபின் 12.5க்கு மேல் இருந்தால் சொட்டு அதைவிடக் கனமாகி மூழ்கும். எளிமையான, அழகான சோதனை. நான் அதை ரசித்துப் பார்ப்பேன். ஆனால் அது எண் எதுவும் சொல்லாது. 15.4 இருந்தாலும் மூழ்கும், 12.6 இருந்தாலும் மூழ்கும். தொடக்கத்தில் எனக்கு 15க்கு மேல் இருந்தது. அது ஆறு வருடமாகப் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்ததை அந்த நீலக் குவளை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி இரண்டு தடவை சொட்டு நடுவில் கொஞ்சம் அதிகமாகத் தயங்கியதைப் பார்த்தேன். "போயிடுச்சு சார், ஓகே" என்றார் எடுத்தவர். எனக்கும் நிம்மதி. மிதந்துவிட்டால் அவமானமாகப் போயிருக்கும் என்றுதான் அப்போது தோன்றியது.

சோர்வு எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியாது. மூன்றாம் மாடியில் என் இருக்கை, வருடக்கணக்கில் படியில்தான் ஏறுவேன். ஒருநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைபேசியைப் பார்ப்பதுபோல நின்றேன், மூச்சு வாங்கியதை யாரும் பார்க்கக்கூடாது என்று. பிறகு அது தினசரி நடிப்பாகிவிட்டது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு பத்தியை நான்கு முறை படிப்பேன். வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். இரவில் படுத்தால் கால் இரண்டும் அடங்காது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. உள்ளே எறும்பு ஊர்கிறமாதிரி ஒரு நமைச்சல், நீட்டி மடக்கினால் அரை நிமிடம் சும்மா இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது பனிக்கட்டி. எப்படித் தொடங்கியது என்றே தெரியவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஐஸ் தட்டை எடுத்து ஒவ்வொரு கட்டியாகக் கடித்து நொறுக்கித் தின்பேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு தட்டு உறைவதற்குள் போய்த் திறந்து திறந்து பார்ப்பேன். நள்ளிரவில் சமையலறையில் நின்று கறுக் கறுக் என்று கடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து அவள், "என்னங்க இது, மசக்கையா உங்களுக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமே இல்லை அது. இரும்புச்சத்து தீர்ந்துபோனவர்களுக்குப் பனிக்கட்டி, மண், சுண்ணாம்பு என்று உணவல்லாத ஏதாவது ஒன்றின் மேல் இப்படி அடக்கமுடியாத ஆசை வரும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த அறிகுறி. கால் அமைதியில்லாமல் தவிப்பதும் அப்படித்தான். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அழைப்பு, ஒரு குழந்தைக்கு என்றார்கள். நான் கொடுத்து 68 நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் இடத்தில் 90 நாள் விதி. வேறொரு ரத்த வங்கிக்குப் போய், "கடைசியா எப்போ கொடுத்தீங்க?" என்று கேட்டதற்கு "நாலு மாசம் இருக்கும்" என்றேன். சரளமாக வந்தது பொய். நல்ல காரியத்துக்காகச் சொல்கிற பொய் பாவமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அந்த விதி ரத்தம் பெறுபவரைக் காப்பாற்ற வைத்தது என்று நினைத்திருந்தேன். கொடுப்பவனைக் காப்பாற்ற வைத்தது அது. அந்தக் கேள்வித்தாளில் மற்ற எல்லாவற்றிலும் உண்மை சொன்னவன், என்னைக் காக்கிற ஒரே கேள்வியில் பொய் சொன்னேன். இருபதாம் நிமிடத்தில் பை நிறைந்தது. குழந்தை பிழைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

சோர்வுக்கு மருந்து தேடிய கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி மாற்றினேன். மெத்தை மாற்றினேன். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரை இல்லை. ஒருவர் மன அழுத்தம் என்றார், அதையும் ஒப்புக்கொண்டு ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். நடுவில் ஒரு முழு உடல் பரிசோதனை, அதில் ஹீமோகுளோபின் 13.2. ஆண்களுக்கு 13க்கு மேல் இருந்தால் சரி என்பதால் தாளில் அதன் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. எனக்கு முன்பு 15க்கு மேல் இருந்தது என்பது அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அடிக்கோடிட விரும்பும் ஒரே இடம். 'நார்மல்' என்பது ஊருக்கெல்லாம் போட்ட கோடு. உங்கள் பழைய எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் உங்களுக்கு அது இறக்கமா இல்லையா என்று தெரியும். சோதனைத் தாள்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியில் போன மருத்துவர்தான் ஃபெர்ரிட்டின் எழுதிக் கொடுத்தார், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ஹீமோகுளோபின் 11.3, ஃபெர்ரிட்டின் 6. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தன. 34 வயது ஆணுக்கு இப்படி இரும்பு காலியாகியிருந்தால் குடலில் எங்கோ ரகசியமாக ரத்தம் கசிகிறது என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவார், சந்தேகப்படவும் வேண்டும். புண்ணாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். அவர் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. "உள்ள ஒரு தடவை பாத்துடலாம்" என்றார். ஆனால் அன்று இரவு நானே அந்தச் சொல்லைக் கைபேசியில் தட்டித் தட்டிப் படித்தேன். அடுத்த ஒன்பது நாள் நான் இருந்த நிலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். மகளின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம் "சும்மா ஒரு செக்கப்" என்றேன்.

அன்று காலை பேதி மருந்து குடித்துக் குடித்துக் காலியான வயிற்றோடு, முதுகுப்பக்கம் திறந்த அந்த அங்கியில் கட்டிலில் படுத்திருக்கிறேன். மயக்கமருந்துக்காக நரம்பில் ஊசி செருக ஒரு செவிலியர் வந்தார், ஐம்பதை நெருங்கும் வயது. கையைத் திருப்பி முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார். நின்றார். விளக்கை அருகே இழுத்தார். அங்கே எனக்கு அம்மைத் தழும்புபோல ஒரு குழி உண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பருமனான ஊசி ஏறி ஏறி ஆனது. "தம்பி, ரத்தம் கொடுப்பீங்களா?" என்றார். அந்த நிலையிலும் எனக்குப் பெருமை வந்தது பாருங்கள். "நாப்பத்தோரு தடவை சிஸ்டர்" என்றேன். அவர் பாராட்டவில்லை. "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். "அதை எதுக்கு சொல்லணும்?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். மருத்துவர் வந்து கட்டிலோரம் நின்று, "எங்கயாவது ரத்தப்போக்கு இருக்கான்னு உங்கள கேட்டேன்ல?" என்றார், குரலை உயர்த்தாமல். எனக்குக் காது சூடேறியது.

வந்தது வந்தாயிற்று, பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னார், நானும் சரி என்றேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ரத்தம் கொடுப்பவன் என்பதாலேயே குடலில் ஒன்றும் இருக்காது என்று அர்த்தமில்லை. வயது, எடை குறைவது, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையெல்லாம் வைத்து மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும், குழாய் வேண்டாம் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். ஆனால் அந்த முடிவை எடுக்க அவருக்கு முழுத் தகவல் வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், என்ன ஒவ்வாமை என்று சொல்கிற மூச்சிலேயே, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தேன், வருடத்துக்கு எத்தனை முறை என்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எனக்கு முதல் நாளே சொல்லத் தோன்றியிருந்தால், முதலில் மாத்திரை கொடுத்துச் சில வாரம் பார்த்திருப்பேன் என்றார் அவர். அந்த ஒன்பது இரவுகளும் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

உள்ளே நடந்தது என்ன என்று பிறகு அவரே உட்காரவைத்து விளக்கினார். மாடித் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்வரை கீழே குழாயில் தண்ணீர் வழக்கம்போலத்தான் வரும். குழாயைத் திறந்து பார்த்துத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று சொல்லமுடியாது. ஹீமோகுளோபின் குழாய்த் தண்ணீர், ஃபெர்ரிட்டின் தொட்டி. ரத்த வங்கியில் பார்ப்பது குழாயை மட்டும். கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு. அப்படிப் பார்த்தால் ஒரு தடவை 450 மில்லி கொடுக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம் வரை போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் ஏறக்குறைய ஒன்று அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். தேவை கூடும்போது உடம்பு கொஞ்சம் அதிகமாக உறிஞ்சும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. 90 நாளில் 230 மில்லிகிராமைத் திருப்பி நிரப்ப ஒரு நாளைக்கு இரண்டரை மில்லிகிராம் கூடுதலாக வேண்டும். ஆணின் சேமிப்பே மொத்தம் 1000 மில்லிகிராம் அளவுதான். பெண்களுக்கு 300 மில்லிகிராம் இருந்தால் பெரிது, அதோடு மாதவிலக்கும் இருக்கிறது. இரண்டு தடவை கொடுத்தாலே தொட்டி தரைதட்டிவிடலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது, சிவப்பணுக்கள் சில வாரங்களில் திரும்புகின்றன, இரும்புக்குத்தான் மாதங்கள் ஆகின்றன. "ரெண்டு நாள்ல ஊறிடும்" என்று முகாம்களில் சொல்கிறார்களே, அது அந்த நீரைப் பற்றித்தான்.

நான் ஒருவன் மட்டும் பலவீனமானவனோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, அதனால் தேடிப் படித்தேன். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 215 கொடையாளர்களை எடுத்து, பாதிப்பேருக்குத் தினமும் 37.5 மில்லிகிராம் இரும்பு கொடுத்தார்கள், மீதிப்பேருக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை சாப்பிடாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 168 நாள் கழித்தும் இரும்பு இருப்பு பழைய நிலைக்கு வரவில்லை. சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு 76 நாளிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 45,000க்கும் மேற்பட்ட கொடையாளர்களை இரண்டு வருடம் கவனித்த ஆய்வு 2017இல் வந்தது. ஆண்களில் சிலரை 12 வாரத்துக்கு ஒருமுறையும் சிலரை 10, 8 வாரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கச் சொன்னார்கள். அடிக்கடி கொடுத்தவர்களிடம் பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை, ஆனால் சோர்வு, மூச்சுவாங்கல், தலைசுற்றல், கால் அமைதியின்மை எல்லாம் கூடியிருந்தன. கால் அமைதியின்மை என்று அதில் படித்தபோது எழுந்துபோய் மனைவியிடம் காட்டினேன். ஆக, விதியில் இருக்கும் இடைவெளி எல்லா உடம்புக்கும் போதுமானது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அமெரிக்காவில் 56 நாள் போதும் என்கிறார்கள், இந்தியாவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 120, இங்கிலாந்தில் பெண்களுக்கு 16 வாரம். இரும்பு எங்கும் ஒன்றுதான்.

மாத்திரை கொடுத்தார், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமே என்று கேட்டேன். மாத்திரை போட்டதும் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும், அது அடுத்த நாள்வரை இரும்பு உள்ளே வருகிற கதவைச் சாத்திவைக்கும், அதனால் இடைவெளிவிட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் கூடுதலாக ஏறும் என்றார். காபி, தேநீர் குடித்த கையோடு போட்டால் வீண், இரண்டு மணிநேரமாவது தள்ளி வெறும் வயிற்றில் போடவேண்டும், வைட்டமின் சி உள்ள ஏதாவது கூடச் சேர்ந்தால் நல்லது. மலம் கருப்பாகப் போகும், முதல் தடவை பார்த்து நான் ஆடிப்போய்விட்டேன். மலச்சிக்கலும் வந்தது, வயிறு கல்லாக இருக்கும். இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டால் பாதியில் நிறுத்தமாட்டீர்கள். சோதித்துப் பார்க்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை சாப்பிடவும் வேண்டாம், சிலருக்குப் பிறவியிலேயே இரும்பு உடம்பில் அதிகமாகச் சேரும் கோளாறு உண்டு, அவர்களுக்கு அது கெடுதல். மாத்திரை டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், சின்னக் குழந்தைகளுக்கு இரும்பு மாத்திரை உயிருக்கே ஆபத்து. ஃபெர்ரிட்டின் பார்க்கப் போகும்போது காய்ச்சலோ தொற்றோ இருக்கக்கூடாது, அந்த நேரத்தில் எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பனிக்கட்டி ஆசை போய்விட்டது. ஒருநாள் ஐஸ் தட்டு நிறைந்து அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஒன்றரை மாதத்தில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்பதை மறந்தேன். கால் அடங்க நான்கு மாதம் பிடித்தது. ஹீமோகுளோபின் சீக்கிரம் ஏறியது, உடனே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும், நிறுத்தக்கூடாது. தொட்டி நிறைய இன்னும் பல மாதம் ஆகும். எனக்கு ஃபெர்ரிட்டின் 50ஐத் தாண்ட எட்டு மாதம்.

இந்தக் காலத்தில் கஷ்டமாக இருந்தது மாத்திரை இல்லை, தொலைபேசி. முதல் தடவை "இப்போ முடியாதுங்க, எனக்கே ரத்தம் கம்மியா இருக்கு" என்று சொன்னபோது கை நடுங்கியது, ஒரு கொலைக்கு உடந்தையாகிவிட்டதுபோல. கூப்பிட்டவர் இரண்டே நொடியில், "பரவால்ல அண்ணா, இன்னொருத்தர் லைன்ல இருக்காரு" என்று வைத்துவிட்டார். அந்தத் துண்டிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிம்மதிதான் வந்திருக்கவேண்டும், எனக்குக் கொஞ்சம் வலித்தது. நான் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று பதின்மூன்று வருடம் நம்பியிருந்தேனே.

இன்னும் சிலர், "ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் ஆயிரம் தடவைக்கு மேல கொடுத்திருக்காரே, உனக்கு நாப்பதுலயே என்ன?" என்றார்கள். ஜேம்ஸ் ஹாரிசனைச் சொல்கிறார்கள். 1173 முறை கொடுத்தவர், 2018இல் 81 வயதில் நிறுத்தினார், 2025இல் இறந்தார். பெரிய மனிதர். ஆனால் அவர் அவ்வளவு முறை கொடுக்க முடிந்ததற்குக் காரணம் அது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும், அதில் சிவப்பணுக்களை உடம்புக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள், இரும்பு அவ்வளவாகப் போகாது. முழு ரத்தத்தோடு அதை ஒப்பிடக்கூடாது. தட்டணுக்கள் கொடுப்பதும் அதே வகைதான், நானும் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், ஒன்றரை மணிநேரம் அசையாமல் கிடக்கவேண்டும். நடுவில் உதடு குறுகுறுவென்று மரத்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் நம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது, இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

பதினான்கு மாத இடைவெளிக்குப் பிறகு போன மாதம் 42ஆவது முறை போனேன். இந்தத் தடவை வேறு இடம், எண் காட்டும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் போனேன். விரலில் குத்தி, சின்னக் கண்ணாடித் தகட்டில் சொட்டை உறிஞ்சி உள்ளே தள்ளினார் ஓர் இளம்பெண். 14.6. "நல்லா இருக்கு சார்" என்றார். "எண்ணை எழுதிக் கொடுங்கம்மா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். வலது கையை நீட்டினேன், இடதுக்கு ஓய்வு. பை நிறைந்தது, கால்மணி நேரம் உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். அட்டையில் முத்திரை குத்திக்கொண்டே, "அடுத்தது மூணு மாசம் கழிச்சு வாங்க சார்" என்றார். அட்டையை வாங்கி, பேனாவையும் அவரிடமே வாங்கி, அதற்கு ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதி, பக்கத்தில் 'ஃபெர்ரிட்டின் பார்த்தபின்' என்று குறித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.